அனாமத்துக் கணக்கில் ஒரு ஊர்!

ஆடி கடைசி வெள்ளிக்கு ஒரு தடவை எங்கள் இருக்கன்குடிக்கு வந்து பாருங்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில். 'இரு கங்கை குடி'தான் தேய்ந்து இருக்கன்குடி ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். (இரண்டு கங்கையிலும் தண்ணீர் பார்க்க ஆசைப்பட்டால் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். அதுவும் மழை மனசு வைத்தால்தான்!)

ஆடியில் ஆறு வெறும் மணல். அந்த மணலில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஊரே முளைக்கும். நாலு கம்பு, மேலே ஒரு தார்ப்பாய், பக்கவாட்டில் பழைய சேலை. வீடு ரெடி! வேனிலும் டிராக்டரிலும் வந்து இறங்குகிற குடும்பங்கள் அடுப்புக் கூட்டி, பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சொந்தபந்தத்தோடு சாப்பிட்டுப் படுப்பார்கள். முதல் நாள் ஒரே குதூகலம். இரண்டாம் நாள் கொசுக்கடி. மூன்றாம் நாள் காலையில் குடும்பத் தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, அடுத்த வருஷம் சாத்தூர்ல லாட்ஜ் போட்டுருவோம்" என்று வேண்டுதலைத் திருத்திக்கொள்வார்!

நான் திருவிழாவைப் பற்றி எழுத வரவில்லை. அந்தச் சேலைத் தடுப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். நமக்கு மூன்று நாளுக்கு மேல் தாங்காத அந்த வீட்டில் முப்பது வருஷம் குடியிருந்தால் எப்படி இருக்கும்?

கேட்டுத் தெரிந்துகொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆனைக்குட்டம், அனுப்பன்குளம், செவலூர், கண்டியாபுரம், குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு, மொட்டமலை... எல்லாம் நம்ம விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். ஆனைக்குட்டம் அணையைத் தாண்டி வருகிற அர்ச்சுனா நதிதான் எங்கள் ஊரில் வைப்பாறோடு சேருகிறது. இந்த ஊர்களில் எல்லாம் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. முன்பு 'அகதிகள் முகாம்' என்று போர்டு இருக்கும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பஸ் கண்டக்டர்களுக்கு மட்டும் இன்னமும் "கேம்ப் எல்லாம் இறங்கு"தான்!

ஊருக்கெல்லாம் பெயிண்ட்!

பொங்கலுக்கு முன்னால் எங்கள் பெரியப்பா வீட்டில் பெயிண்ட் வேலை நடந்தது. மேஸ்திரி நாலு பேரை அனுப்பியிருந்தார். அதில் ஒருவர் கை வைத்தால் சுவரில் ஒரு கோடு தெரியாது, தரையில் ஒரு சொட்டு விழாது. பெரியம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரணக் கேள்வி இல்லை. ஊர் தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்! அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எதைச் சொல்லட்டும்மா? பொறந்தது மன்னார்ப் பக்கம். எட்டு வயசுல, தொண்ணூறாம் வருஷம், போட்ல வந்தோம். படிச்சது, கல்யாணம் கட்டினது, பிள்ளை பெத்தது எல்லாம் இங்க கேம்ப்லதான்."

"அடப்பாவமே! பேச்சுல ஒண்ணும் தெரியலையே!"

"எப்படித் தெரியும்? முப்பத்தஞ்சு வருஷமா நீங்க குடிக்கிற தண்ணியைத்தானே குடிக்கிறேன். எங்கம்மா மட்டும் இன்னும் 'ஓமடா', 'என்ன கதைக்கிறாய்'னு பேசும். என் சின்ன மகன் திருப்பி, 'ஏ அப்பாயி, என்னத்தச் சொல்லுத?'ன்னு கேப்பான். ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தாம்மா மொழிபெயர்ப்பு!"

முகாம்களில் உள்ள ஆண்களில் கணிசமானவர்கள் பெயிண்டர்கள். ஏன் பெயிண்ட் என்று அவரிடமே கேட்டேன். "சர்டிபிகேட் கேக்காத வேலை தம்பி. முதலீடு ஒரு பிரஷ்ஷு, ஒரு பட்டித் தகடு. காலையில போனா பொழுது சாய வீடு திரும்பிடலாம். கணக்கெடுப்பு அன்னைக்கு லீவு போட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அது என்ன கணக்கெடுப்பு? முகாமில் பெயர் பதிந்தவர்களை அதிகாரிகள் நேரில் பார்த்து டிக் அடிக்கிற நாள். குடும்பத்தோடு ஆஜராக வேண்டும். ஸ்கூலில் நாமெல்லாம் 'உள்ளேன் ஐயா' சொன்னது பத்துப் பன்னிரண்டு வருஷம்தான். இவர் எட்டு வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது பேரன் எடுக்கிற வயசு நெருங்குகிறது.

"எங்க வீட்டுக்கு என்ன கலர் அடிச்சிருக்கேன்னு பெரியம்மா கேட்டாங்க. தகரத்துக்கும் தார் சீட்டுக்கும் என்ன கலர் அடிக்கிறது தம்பி?" என்றார் கடைசியில். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன வழியும் வந்த வழியும்

கொஞ்சம் பின்னால் போவோம். 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகுதான் படகுகள் ராமேஸ்வரம் கரையில் வந்து மோத ஆரம்பித்தன. அப்புறம் 1990-ஐ ஒட்டி ஒரு அலை, தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு அலை, 2006-க்குப் பிறகு யுத்தம் முற்றியபோது ஒரு அலை. ஆக மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு தேசம் போனார்கள். 2021-ல் தமிழக அரசு சட்டசபையில் சொன்ன கணக்குப்படி, முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 59,000 பேர். போலீஸில் பதிந்துகொண்டு வெளியே வாடகைக்கு இருந்தவர்கள் சுமார் 34,000 பேர்.

வந்தவர்களை முதலில் பதிவு செய்த இடம் மண்டபம் முகாம். அந்த இடத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களைக் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போனார்களே, அவர்களுக்குக் காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்க்க நிறுத்திவைத்த இடமும் அதே மண்டபம்தான்! ராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து பஞ்சம் துரத்தி எத்தனையோ பேர் அந்த வாசல் வழியாகப் போனார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளில் சிலர் அதே வாசல் வழியாகத் திரும்பி வந்து, தாத்தா புறப்பட்ட ஜில்லாவிலேயே 'வெளிநாட்டுக்காரர்' என்று பதிவானார்கள். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் எடிட்டர் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்!

மண்டபத்திலிருந்து லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றி மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். சில இடத்தில் குடோன், சில இடத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடம், சில இடத்தில் புதிதாகப் போட்ட ஷெட். ஒரு பெரிய ஹாலில் சேலையையும் சாக்கையும் கட்டித் தடுத்தால் இருபது குடும்பம். பிறகு கட்டிக் கொடுத்ததும் பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறைதான். 'கொஞ்ச நாளைக்குத்தானே' என்பது அன்றைய நினைப்பு. அரசாங்கமும் அப்படி நினைத்தது, வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பத்துக்குப் பத்து என்றால் என்ன? நம் வீட்டுச் சாமான் அறை. அதில் அப்பா, அம்மா, வயசுக்கு வந்த மகள், பத்தாவது படிக்கிற பையன், இருமுகிற பாட்டி. பையனுக்குக் கல்யாணம் ஆனால்? அதே அறைக்கு நடுவில் இன்னொரு சேலை!

சாவி வந்தது

இந்த இடத்தில்தான் கதை கொஞ்சம் திரும்புகிறது. 2021 ஆகஸ்ட் 27-ம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டசபையில் முகாம்களுக்காக 317 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டம் அறிவித்தார். அதில் பெரிய பங்கு வீட்டுக்குத்தான்: பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது. மாதாந்திரப் பணமும் ஏறியது. குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய் 1,500 ஆனது. மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. ஐயாயிரம் இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி, இன்ஜினீயரிங் சேர்கிற 50 மாணவர்களுக்குக் கல்விச் செலவு என்று பட்டியல் நீண்டது.

அறிவிப்போடு நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பரில் திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் 321 வீடுகள். 2023 செப்டம்பர் 17-ம் தேதி வேலூர் மேல்மொணவூரில் வைத்து, 13 மாவட்டங்களில் கட்டி முடித்த 1,591 வீடுகளின் திறப்பு. செலவு 79 கோடியே 70 லட்சம். வகுத்துப் பார்த்தேன் (பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வேலை!), வீட்டுக்கு ஐந்து லட்சம் வருகிறது. முந்நூறு சதுர அடி, கான்கிரீட் கூரை, தனிச் சமையலறை, உள்ளேயே கழிப்பறை.

முந்நூறு சதுர அடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிடாதீர்கள். நம் பெயிண்டர் அண்ணனின் தங்கை குடும்பத்துக்குத் தோட்டனூத்தில் வீடு கிடைத்திருக்கிறது. பால் காய்ச்சப் போய்விட்டு வந்தவர் சொன்னார்:

"சாமி கும்பிட்டு, பால் பொங்கி, எல்லாருக்கும் கொடுத்தாச்சு. தங்கச்சியை மட்டும் காணோம். தேடினா, பாத்ரூம்ல கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு உள்ளே நிக்கிறா. 'என்னம்மா?'ன்னா, 'ஒண்ணுமில்லண்ணே, சும்மா தாழ்ப்பாள் போட்டுப் பாத்தேன்'ங்கிறா. முப்பது வருஷம் கழிச்சு ஒரு பொம்பளைக்குத் தாழ்ப்பாள் கெடைச்சிருக்கு தம்பி."

இதைக் கேட்டதும் பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பெயிண்ட் வாடை என்றார்.

காகிதமா, கூரையா?

இலங்கையிலிருந்து தமிழர்கள் இங்கு வந்து குடியேறியது இது முதல் தடவை இல்லை. 1964 அக்டோபர் 30-ம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பங்கு பிரித்தார்கள். 'உனக்கு ஆசையா?' என்று ஜனங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் வந்தவர்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களுக்காக நீலகிரியில் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது. அதுதான் பிற்பாடு 'டான்டீ' ஆனது. 1969-ல் தாயகம் திரும்பியோருக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி பிறந்தது. அதுதான் 'ரெப்கோ'. பர்மாவிலிருந்து அறுபதுகளில் விரட்டப்பட்டவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சென்னையில் பர்மா பஜார், பல ஊர்களில் பர்மா காலனி, தள்ளுவண்டியில் அத்தோ!

அவர்கள் பட்ட பாடு லேசானது இல்லை. கிடைத்த கூரை ஒழுகியது, கிடைத்த வேலை முதுகை ஒடித்தது. ஆனாலும் இன்றைக்கு பர்மா காலனிக்குப் போய் 'நீ எந்த நாட்டுக்காரன்?' என்று கேட்டால் அடிக்க வருவார்கள். அவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், கவுன்சிலருக்கு நிற்கிறார்கள், மனையை விற்று மகனைப் படிக்க வைக்கிறார்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர்களுக்குக் காகிதம் முதலில் வந்தது, கூரை பின்னால் வந்தது.

முகாம்காரர்களுக்கு நேர் தலைகீழ். கூரை வந்துவிட்டது, காகிதம் இன்னும் வரவில்லை. புது வீட்டில் மின்விசிறி உண்டு, பட்டா கிடையாது. குடியிருக்கலாம், அடமானம் வைக்க முடியாது. மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்க முடியாது. உலகத்தில் மாப்பிள்ளைச் சண்டையே வராத வீடு இதுவாகத்தான் இருக்கும்!

பி.காம். படித்த இன்னொருத்தி

பெயிண்டர் அண்ணனின் மூத்த மகளை நான் பார்த்தது பாக்கிக் கூலி வாங்க அவர் வந்த ஞாயிற்றுக்கிழமையில். கணக்கை அந்தப் பெண்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எத்தனை லிட்டர் பிரைமர், எத்தனை ஆள், எத்தனை நாள், வாங்கின அட்வான்ஸ் எவ்வளவு... பெரியப்பா அரை மணி நேரம் துருவிப் பார்த்தும் ஒரு ரூபாய் குறைக்க முடியவில்லை. (பெரியப்பா சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை!)

"என்ன படிச்சிருக்கம்மா?"

"பி.காம். அண்ணே. ஃபர்ஸ்ட் கிளாஸ். சிவகாசியில காலண்டர் கம்பெனி ஒண்ணுல டாலி பாக்கிறேன்."

நம்ம ஜாதி! பேங்க் பரீட்சை எழுத வேண்டியதுதானே என்று கேட்டேன். பி.காம். படித்த எல்லாரிடமும் எல்லாரும் கேட்கிற கேள்வி. அவள் பதில் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தாள்.

பிற்பாடு அந்த விதிகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். யார் யார் எழுதலாம்? இந்தியக் குடிமக்கள் எழுதலாம். நேபாளத்துக்காரர், பூடான்காரர் எழுதலாம். 1962 ஜனவரி 1-க்கு முன் வந்த திபெத்திய அகதி எழுதலாம். பர்மா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினரும் தகுதிச் சான்றிதழோடு எழுதலாம். ஆக, 'இலங்கை' என்ற வார்த்தை அதில் இருக்கிறது. ஆனால் மன்னாரை மண்ணாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த இந்தப் பெண்ணுக்கு அந்த வரி பொருந்தாது. இந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் பிறந்து, இந்தப் பக்கத்து ஸ்கூலில் தேசிய கீதம் பாடி வளர்ந்தவளுக்கு அந்தப் பட்டியலில் நிற்க இடமில்லை.

'இங்கேதானே பிறந்தாள்?' என்று நீங்கள் கேட்பீர்கள். நம் குடியுரிமைச் சட்டத்தில் பிறந்த தேதிதான் ஜாதகம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு என்றால் இன்னும் கடுமை: ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. படகில் உயிருக்குப் பயந்து வந்தவர் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துக்கொண்டா வந்திருப்பார்? 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை.

ஆனாலும் ஒன்றிரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. 2019 ஜூனில் மதுரை ஐகோர்ட் கிளை, மலையக வம்சாவளியைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு மனு கொடுக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், அந்த 1987 தேதியைக் காட்டி 2022-ல் கோர்ட் மூலம் பாஸ்போர்ட் உரிமை பெற்றார். 2024 ஏப்ரல் 19-ம் தேதி திருச்சியில் ஓட்டும் போட்டார். முகாமில் வாழும் ஒருவர் போட்ட முதல் ஓட்டு என்று பேப்பரில் எல்லாம் வந்தது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு இன்னொரு படி இறங்கி வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்காகத் தண்டனை கிடையாது என்று விலக்கு கொடுத்தது. ஜெயிலுக்குப் போக வேண்டாம் என்பது சரி. பேங்க் பரீட்சைக்குப் போகலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

அதே கடல், வேறு கரை

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் பனிமூட்டத்தில் தத்தளித்தன. உள்ளே 155 இலங்கைத் தமிழர்கள். உள்ளூர் மீனவர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அங்கேயும் 'இவர்களை ஏன் உள்ளே விடவேண்டும்?' என்று சத்தம் எழத்தான் செய்தது. ஆனால் வேலை செய்ய அனுமதி கிடைத்தது, வருஷங்கள் போனதும் குடியுரிமையும் கிடைத்தது. முப்பது வருஷம் கழித்து அவர்களில் சிலர் அதே கரைக்குப் போய் மீனவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். 1983-ல் சிறுவனாகக் கனடா போன கெரி ஆனந்தசங்கரி 2015-ல் எம்.பி., 2023-ல் மந்திரி!

அதெல்லாம் பணக்கார தேசம் என்பீர்கள். சரி, பக்கத்தில் வருவோம். மைசூருக்குப் போகிறவர்கள் பைலகுப்பே பார்த்திருப்பீர்கள். அறுபதுகளின் ஆரம்பத்தில் கர்நாடகம் திபெத்தியர்களுக்குச் சுமார் மூவாயிரம் ஏக்கர் காட்டைக் கொடுத்தது. அவர்கள் சோளம் விதைத்தார்கள், கம்பளம் நெய்தார்கள், கோயில் கட்டினார்கள். இன்றைக்கு நாம் டிக்கெட் எடுத்து பஸ் பிடித்துப் போய் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். ஐ.நா.வின் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. போடாமலேயே இவ்வளவு செய்திருக்கிறோம். மனசு இருந்தால் மீதியையும் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாரும் இங்கேயே இருக்க ஆசைப்படுகிறார்களா என்றால், இல்லை. பெயிண்டர் அண்ணனின் அம்மாவுக்கு இன்னும் மன்னார்க் கனவுதான். அங்கே ஒரு கிணறும் பனை மரங்களும் இருக்கின்றனவாம். யுத்தம் முடிந்த பிறகு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு விமானம் ஏறித் திரும்பிப் போனவர்கள் உண்டு. போக நினைப்பவர் கௌரவமாகப் போக வேண்டும், இருக்க நினைப்பவர் கௌரவமாக இருக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாதிரி ஒரு மறுவாழ்வுத் திட்டம் இல்லை.

அரசாங்கத்துக்கு முன்னால் ஊர்

சட்டம் தூங்கினாலும் ஊர் தூங்கவில்லை. முகாமுக்குள்ளேயே 1984-ல் எஸ்.சி. சந்திரஹாசன் (தந்தை செல்வாவின் மகன்) ஆரம்பித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் டியூஷன், சுகாதாரம், பெண்களின் சேமிப்புக் குழு என்று வேலை பார்த்தது. 2004 சுனாமியின்போது அவர்களே நம் கடற்கரைக்கு நிவாரண வேலைக்கு வந்தார்கள். அகதி வந்து நமக்கு உதவினார்!

முகாமுக்கு வெளியே? பெயிண்டர் அண்ணன் விரல் விட்டு எண்ணினார். ஆதாரம் எதுவும் கேட்காமல் 'பற்று நோட்'டில் பெயர் எழுதிய பலசரக்குக் கடை அண்ணாச்சி. 'பிள்ளையை நாளைக்கே அனுப்பு, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்' என்ற ஹெட்மாஸ்டர். வாலிபால் டீமில் சேர்த்துக்கொண்ட பையன்கள். பிரசவத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு வேன் எடுத்த பட்டாசு ஆலை டிரைவர். இவரது மனைவி வைக்கிற சொதி, பக்கத்துத் தெருவில் ஆப்பத்துக்கு ஆர்டர் போகிறது. பதிலுக்குச் சாத்தூர் சேவு இவர்கள் வீட்டுக்கு வருகிறது. உரசல் இல்லையா? உண்டு. 'நம்ம கூலியைக் குறைக்க வந்துட்டாங்க' என்று முணுமுணுத்தவர்களும் இதே ஊரில்தான் இருந்தார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த முணுமுணுப்பு தேய்ந்துவிட்டது. பேரன்மார் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கினால் வேறென்ன ஆகும்!

ஆக, ஊரோடு கலப்பது என்கிற வேலையை மாரியம்மன் கோயில் கூழும், ஸ்கூல் பெஞ்சும், கடைப் பற்று நோட்டும் எப்போதோ முடித்துவிட்டன. வீடும் வந்துகொண்டிருக்கிறது. பாக்கி இருப்பது டெல்லியில் ஒரு கையெழுத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அந்தப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, டிரயல் பேலன்ஸ் டேலி ஆகலேன்னா வித்தியாசத்தை எதுல போடுவோம்?"

"சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தமிழ்ல அனாமத்துக் கணக்கு."

"எங்களையும் அதுலதான்ணே போட்டு வச்சிருக்காங்க. எங்கப்பா காலத்துல இருந்து."

காமர்ஸ் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அனாமத்துக் கணக்கு என்பது தற்காலிக ஏற்பாடு. எது எங்கே சேர வேண்டும் என்று தெரிந்ததும் அந்தந்தக் கணக்கில் எழுதி, இதை மூடிவிட வேண்டும் என்பது பாடம். மூடாமல் வருஷா வருஷம் முன்னால் தள்ளிக்கொண்டே போனால் ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். சின்னக் காலண்டர் கம்பெனிக்கே மார்ச் 31 ஆனால் வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பெண் இந்த மார்ச்சிலும் தன் கம்பெனி கணக்கை ஒரு பைசா பிசகாமல் முடித்துக் கொடுத்துவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.